திருவடி தெரியாத நாட்கள்

இதைக் கையில் எடுத்திருக்கும் ஐயாவுக்கு, அல்லது அம்மணிக்கு, என் வணக்கம்.

கடவுள் உண்டு என்னும் எண்ணம் நம்பிக்கையின்மேல் நிற்கிறதா, அறிவின்மேல் நிற்கிறதா என்று கற்றோர் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வரிசையில் சேர்ந்து விடை கூறும் தகுதி எனக்கில்லை. நான் ஐந்தாம் வகுப்புக்குமேல் பள்ளி சென்றவனல்லன். பின்னர் கற்றதெல்லாம் பொது நூல்நிலையத்தின் மர பெஞ்சியிலும், கடைக்குச் சரக்குச் சுற்றி வந்த செய்தித்தாள்களிலும் கற்றவையே. ஆயினும், அந்தக் கேள்வி எனக்குத் தெரிந்த ஒருவருடைய வாழ்க்கைக்குள் புகுந்து, அவரை ஆட்டிவைத்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். அவர்கள் இன்று இல்லை. அவர்களுடைய மக்கள் இருக்கிறார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் திருச்சி தெப்பக்குளத்துக்கு அருகில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து வந்தேன். சட்டத்துக்கு ஏற்றவாறு கண்ணாடிச் சில்லின் விளிம்பைச் சாணையில் தேய்த்துப் பொருத்துவது என் தொழில். முதலாளி வெளியே சென்றிருக்கும்போது, வருகிறவர்களை எழுத்து அட்டைக்கு முன் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வதும் என் பொறுப்பு. குடியிருப்பு பாலக்கரையில். மாலையில் வீடு திரும்பும் வழியில் ஒரு தகரப் பெட்டிக் கடை இருந்தது. அதன் உரிமையாளர் ஓர் இஸ்லாமியர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்போம். தகட்டை வெட்டி, மடக்கி, பற்றவைத்து, பச்சை வண்ணம் பூசி, மூடியில் ரோஜாப்பூ எழுதி விற்பார்கள். வண்ணம் உலரும் வாசனை எந்நேரமும் கடைக்குள் நிற்கும். அங்கே கிடந்த ஒரு நீள பெஞ்சியில் நான் தினமும் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருப்பேன்.

அந்த பெஞ்சியின் மற்றொரு மூலை ஓர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியருக்கு உரியது. ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதியில் தலைமுறை தலைமுறையாகக் கோயிலைச் சுற்றி வாழும் குடும்பம். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. பாலக்கரைப் பக்கத்துப் பள்ளியில் வேலை. மாலை நேர பஸ்ஸில் இடித்துக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்காது. கூட்டம் குறையும்வரை பாய் கடையில் காத்திருப்பார். எப்போதோ ஒரு பெட்டி வாங்கி, அதன் மூடி சதுரமாக உட்காரவில்லை என்று அளவுகோலுடன் திரும்பி வந்தாராம். பாய் மறுபேச்சில்லாமல் பிரித்துச் செய்து கொடுத்தார். பழக்கம் அங்கே தொடங்கியது.

சிறுவயதில் கில்லி பட்டு அவருடைய வலக்கண் பார்வை போயிருந்தது. இடக்கண் ஒன்றைக் கொண்டுதான் படிப்பு, வேலை, பெருமாள் சேவை எல்லாம். எங்கள் கடையில் கண்ணாடி வாங்க வந்தபோது, "ஒரு கண்ணுக்குத்தானே ஐயா பண்றீர், இன்னொண்ணுக்கு வெறும் ஜன்னல் கண்ணாடி போதுமே" என்று என்னைச் சிரிக்கவைத்தார். என்னைக் கண்ணாடிக்காரரே என்று அழைப்பார்.

நான் அக்காலத்தில் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்பவன். கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். ஆகவே பெஞ்சியில் உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் பேச்சு கடவுளிடம் போய்விடும். பாய்க்கு இதில் மிகுந்த ஆர்வம். அவர் சொல்வது எளிமையானது: இந்தப் பெட்டியைப் பார், நாலு மூலையும் தானாகவா சேர்ந்தது, செய்கிறவன் இல்லாமல் செய்பொருள் உண்டா, யோசிக்கிற எவனுக்கும் இது விளங்கும் என்பார். பெட்டி செய்யும் உங்களை நான் பார்க்கிறேன், உலகம் செய்கிறவரைப் பார்க்கவில்லையே என்பேன் நான்.

ஆசிரியர் பாய்க்குத் துணையாக வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. ஒரு நாள் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பாய் சொல்றது நிக்காது. இந்தப் பெட்டியை ஒருத்தரா பண்றார்? வெட்டறவர் ஒருத்தர், பத்தவைக்கறவர் ஒருத்தர், பூ எழுதறவர் ஒருத்தர். உலகமும் பெட்டி மாதிரின்னா, அதைப் பண்ணவாளும் நாலஞ்சு பேர்னுதான் ஆகும். மூடி வேற கோணலா இருக்கும்."

பாய் சிரித்துவிட்டார். "என்ன சாமி, நீங்க யாரு பக்கம்?"

"நான் பெருமாள் பக்கம். ஆனா உம்ம பெட்டி அவருக்குச் சாட்சி சொல்ல வராது."

அவருடைய கொள்கை இதுதான். கண்ணால் கண்டு கடவுளை அறிய முடியாது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல ஊகித்தும் அறிய முடியாது. அவர்கள் குலத்துப் பெரியவர்கள் காட்டிய வழியும் அதுவே. கேட்டுத்தான் அறிய வேண்டும், சாத்திரம் சொல்லக் கேட்டு. ஆகவே அறிவைக் கொண்டு நிறுவவும் முடியாது, அறிவைக் கொண்டு கவிழ்க்கவும் முடியாது என்பார். இதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும். குத்துவதற்கு ஓங்கிய கையை எதிரே ஆளில்லாமல் இறக்குவதுபோல இருக்கும். அப்படியானால் அது குருட்டு நம்பிக்கை என்று ஒப்புக்கொள்ளுங்கள் சார் என்பேன். எனக்கு அரைக் குருடுதான் ஐயா, முழுசு இல்லை என்பார்.

நிற்க. நடந்ததை விளக்குவதற்கு முன், ஸ்ரீரங்கம் கோயிலின் ஒரு வழக்கத்தைக் கூற வேண்டும்.

அங்கே மூலவர் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். எதிரே நின்று சேவிப்பவருக்குத் திருமுகம் இடப்பக்கமும் திருவடி வலப்பக்கமும் அமையும். ஆனி மாதத்தில் ஜ்யேஷ்டாபிஷேகம் என்று ஒரு விழா நடக்கும். அதையொட்டி மூலவருக்குத் தைலக்காப்புச் சாற்றுவார்கள். தைலம் ஊறும்வரை, ஏறத்தாழ ஒன்றரை மாதம், திருமேனி முழுவதையும் துணியால் திரையிட்டு மறைத்திருப்பார்கள். திருமுகத்தை மட்டுமே சேவிக்கலாம். திருவடி சேவை கிடையாது. ஊரார் அந்தத் திரை எடுக்கும் நாளை ஆவலுடன் எதிர்பார்ப்பார்கள்.

ஆசிரியர் தினமும் காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் கோயிலுக்குச் செல்பவர். அந்த நாட்களில் மாலைப் பேச்சின் நடுவே, "இன்னிக்கும் திருவடி இல்லை" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். கடவுளுக்கும் எண்ணெய் ஊற வேண்டுமா என்று நான் கேலி செய்வேன். உம்முடைய சாணையின் அச்சுக்கு எண்ணெய் விடுகிறீரே, அது கேட்டதா என்பார்.

அந்த ஆண்டு ஆவணி பிறந்தது. ஒரு மாலை, மகள் திருமணத்துக்குப் பெட்டி வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் பாய் கடைக்கு வந்தார். கோயிலில் கைங்கரியம் உள்ள குடும்பத்தவர், ஆசிரியருக்குப் பழக்கமானவர். பாய் பெட்டிகளை இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியர் சாதாரணமாக விசாரித்தார்.

"ஏன் சுவாமி, இந்த வருஷம் ரொம்ப இழுக்கறாளே? திரை எப்போ எடுக்கப் போறா?"

வந்தவர் பெட்டியின் தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தபடி பதில் சொன்னார். "எடுத்தாச்சே. அஞ்சாறு நாளாச்சே."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நேத்து காலம்பற நீங்க எனக்கு முன்னாடிதானே நின்னுண்டிருந்தேள். நல்லா சேவிச்சேளே."

வந்தவர் ஆசிரியரைக் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் தட்டு ஒன்று வைத்துத் தர முடியுமா என்று பாயிடம் கேட்கத் தொடங்கிவிட்டார். நான் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தம் இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் இடக்கையைப் பார்த்தவாறே வலக்கையை மெதுவாக அப்பால் நகர்த்தினார். அது எந்த இடத்தில் மறைந்தது என்பதை அவர் கண்டுகொண்ட நொடியை நானும் கண்டேன்.

மறுநாள் எங்கள் முதலாளி உணவுக்குச் சென்றிருந்த வேளையில் அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். அட்டையிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரையில் பிழையின்றிப் படித்தார். நேரே பார்ப்பதில் குறையே இல்லை. என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி கூறி, ஒரு பென்சிலை அவருடைய வலப்புறத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்தேன். பென்சில் ஏறக்குறைய என் காது அருகே வரும்வரை, அது தெரிகிறது என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒற்றைக் கண்ணின் பார்வையில் மூக்கை அடுத்த வலப்புறப் பாதி, ஓசையில்லாமல் போயிருந்தது. இது மெல்ல வருவதனால் உள்ளவருக்கே தெரிவதில்லை என்று எங்கள் கடைக்கு வரும் கண் மருத்துவர் ஒருவர் கூற நான் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியர் என்ன செய்திருக்கிறார் என்பது அப்போது விளங்கியது. திரை இருந்த நாட்களில் திருமுகத்தை மட்டும் பார்த்துப் பழகிவிட்டார். பெருமாள் மறைத்துக்கொண்டிருக்கும் பக்கம் கண்ணைத் திருப்புவது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். திரை எடுத்த பின்னரும் அப்படியே திருமுகத்தைப் பார்த்தபடி நின்றார். பட்டர் காட்டும் தீபம் திருமுகத்தைவிட்டு வலப்பக்கம் நகர்ந்ததும் மறைந்தது. அங்கே ஒரு மங்கல் மட்டும் இருந்தது. அதைத் துணி என்று கொண்டார். வேறு மாதமாக இருந்திருந்தால் அன்றே திடுக்கிட்டிருப்பார். தைலக்காப்புக் காலமாதலால் தம் கண்ணைச் சந்தேகிக்க அவருக்கு இடமே உண்டாகவில்லை.

நான் இதை எங்கள் கூட்டத்து நண்பர் ஒருவரிடம் தெரிவித்தேன். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு, பக்தி கண்ணை மறைத்துவிட்டது பார்த்தாயா, அடுத்த கூட்டத்தில் மேடையில் சொல்லலாம் என்றார். முந்தைய வாரமாக இருந்தால் நானே அப்படிச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று கடையில், பென்சிலை நான் கீழே வைத்தபின், ஆசிரியர் கூறியது வேறு.

"கண்ணாடிக்காரரே, நான் நம்பி ஏமாறலை. யோசிச்சு ஏமாந்தேன். திருவடி தெரியலை. தைலக்காப்பு நாள். ஆகவே திரை இருக்கு. எங்கே தப்பு சொல்லும்? பரீட்சையில எழுதினா நானே முழு மார்க் போடுவேன்."

சாணைக்குத் தண்ணீர் ஊற்றுபவன்போல எழுந்து போனேன்.

கண் மருத்துவர் பார்த்துவிட்டு ஒளிக்காமல் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறது. போனது திரும்பாது. சொட்டு மருந்து கொஞ்ச காலம் தாங்கும். அறுவை செய்தால் எஞ்சியதைக் காக்கலாம். செய்யாவிட்டால் அதுவும் சில மாதங்களில் போகும். அறுவையிலேயே போய்விடுவதும் உண்டு. ஆசிரியர் தம் தொழிலுக்கேற்ப, எவ்வளவு பங்கு நிச்சயம் என்று கேட்டார். மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, அப்படிக் கணக்காகச் சொல்ல முடியாது, என்னை நம்பித்தான் படுக்க வேண்டும் என்றார். இருப்பது ஒரே கண். போனால் முழு இருட்டு. நான் மருத்துவம் என்றால் கணக்கு என்று அதுவரை எண்ணியிருந்தவன்.

பாய் இதைக் கேள்விப்பட்டு, மறுநாள் மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஓதி ஊதிய தண்ணீரை ஒரு சிறு செம்பில் கொண்டுவந்து ஆசிரியர் பக்கத்தில் வைத்தார். படைப்பை ஆராய்ந்து அறிவினால் இறைவனை அறியலாம் என்று வாதாடும் பாய் நீங்கள்தானா என்று நான் கேட்டேன்.

"ஆபரேசனும் செய்யட்டும் தம்பி, இதுவும் இருக்கட்டும். பெட்டிக்குப் பூட்டும் போடுறோம், கயிறும் கட்டுறோம்ல?"

ஆசிரியர் செம்பை இரு கைகளாலும் எடுத்து, நீரைத் தொட்டு இமையில் தடவிக்கொண்டார். தம் ஊரில் எவரும் காணக் கூடாதே என்று கூறிவிட்டுச் சிரித்தார். அந்த நிகழ்ச்சிக்குப்பின் அவர் சிரித்தது அன்றுதான்.

அவர் அறுவைக்கு இசையவில்லை, மறுக்கவும் இல்லை. நாட்கள் கழிந்தன. மருத்துவர் எனக்கு ஆள் அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஸ்ரீரங்கம் சென்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருடைய மனைவி வந்தார். கணவர் கூடத்தில் அமர்ந்திருப்பதாகக் கூறிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கண்ணைப் பத்தி கூட நான் கவலைப்படலை. இவர் கோயிலுக்குப் போய் பத்து நாளுக்கு மேல ஆறது. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இப்படி நான் பார்த்ததில்லை. நீங்களாவது கேளுங்கோ."

கடவுள் இல்லை என்பவனிடம், கணவரைக் கோயிலுக்கு அனுப்பும்படி ஓர் அம்மாள் கேட்டுக்கொண்ட அந்த நிலையை நான் பின்னர் எண்ணிப் பார்த்தது உண்டு. அப்போது அது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

நான் உள்ளே சென்று நேராகவே கேட்டேன். திரை எடுத்தாகிவிட்டது. நேரே பார்ப்பதில் குறையில்லை என்று நானே சோதித்திருக்கிறேன். திருமுகத்தைப் பார்த்தபின் கழுத்தை வலப்பக்கம் திருப்பினால் திருவடி தெரியும். போய்ப் பார்ப்பதற்கென்ன?

"கணக்குப்படி தெரியணும்" என்றார். "தெரியலைன்னா? அதுக்கப்புறம் எனக்கு ஆபரேஷனுக்குப் போக தைரியம் இருக்காது. தெரியாமலே இருந்தா, தெரியும்னு நினைச்சுண்டாவது படுத்துக்கலாம்."

ஐயா, கடவுளை எந்தச் சோதனையும் தொட முடியாது என்று பெஞ்சியில் உட்கார்ந்து எத்தனையோ மாலை என்னுடன் வாதாடியவர், தம் கண்ணைச் சோதிக்க அஞ்சிப் பெருமாளிடம் போகாமல் இருந்தார். என்னால் அவரை ஏளனம் செய்ய இயலவில்லை. உங்கள் மகனை அழைத்துக்கொண்டு போங்கள், அவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும் என்றேன். மகன் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து வந்தார். தகப்பனாரிடம் அளவற்ற அன்புள்ளவர்.

"அவன் வேண்டாம்" என்றார் ஆசிரியர். "எனக்குத் தெரியலைன்னாலும் 'தெரியறதேப்பா, நன்னா சேவிச்சேளே'ம்பான். நான் சந்தோஷப்படணும்னு. என் ஆத்துக்காரியும் அப்படித்தான். நீர் வாரும். உமக்கு அங்கே பார்க்கணும்னு ஒண்ணும் ஆசை இல்லை. இருக்கறதைச் சொல்லுவீர்."

நான் மறுக்கவில்லை. மறுநாள் அதிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். பல ஆண்டுகளுக்குப்பின் ரங்கா ரங்கா கோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றேன். செருப்பை வெளியே விட்டதனால் குளிர்ந்த கல்லின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏறியது. ஆரியபடாள் வாசலைத் தாண்டும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. வரிசையில் நின்றவர் சிலர் திரும்பிப் பார்த்தனர்.

எங்கள் முறை வந்தது. கருவறை இருண்டிருந்தது. பட்டர் தீபத்தைத் தூக்கித் திருமுகத்தைக் காட்டினார். ஆசிரியர் கைகூப்பியபடி அதையே பார்த்தார். தீபம் வலப்பக்கம் நகரத் தொடங்கியது. அவர் முகம் நகரவில்லை. நான் அவர் காதருகே, "விளக்கு போகுது சார். கூடவே போங்க" என்றேன். அவர் திரும்பினார். மெதுவாக, கழுத்தில் சுளுக்கு உள்ளவர்போலத் திரும்பினார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். நின்றார்.

எங்கள் கடையில் நான் எவரையும் "தெரிகிறதா" என்று கேட்பதில்லை. கேட்டால் ஆம் என்பார்கள். "என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்" என்பதே முறை. அந்தப் பழக்கத்தில் அங்கேயும், "என்ன தெரியுது, சொல்லுங்க" என்றேன்.

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "துளசி. ரெண்டு கொத்து. ஒண்ணு சரிஞ்சு கீழ கிடக்கு."

நான் பார்த்தேன். தைலத்தின் மினுமினுப்போடு கறுத்த திருவடிகள். அவற்றின்மேல் ஒரு துளசிக் கொத்து; மற்றொன்று சரிந்து கீழே கிடந்தது. "ஆமாம் சார்" என்றேன். பட்டர் எங்களைப் பார்த்து, "நகருங்கோ, நகருங்கோ" என்றார். ஆசிரியரின் கன்னத்தில் நீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் அவர் நேராக என்னுடன் பஸ் ஏறி மருத்துவரிடம் வந்து, நாள் குறிக்கச் சொன்னார். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது, ஆவணி வெள்ளம் கரை தொட்டுச் சென்றது. அவர் சன்னல் பக்கம் தலையை முழுவதும் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். இனி எதையும் இப்படித் திரும்பித்தான் பார்க்க வேண்டும் என்று பழகிக்கொள்வதாகக் கூறினார்.

அறுவை நல்லபடி முடிந்தது. கட்டுப் பிரித்தபோது எஞ்சியது எஞ்சியிருந்தது. சில ஆண்டுகள் பள்ளிக்கும் சென்றார். பெஞ்சியில் தம் மூலையை மாற்றிக்கொண்டு, நாங்கள் இருவரும் அவருடைய இடப்பக்கம் வருமாறு உட்கார்ந்தார். வாதங்கள் முன்போலவே நடந்தன. ஒருவரும் தம் கட்சியை விடவில்லை. பின்னர் அறுபதுகளின் தொடக்கத்தில் அழுத்தம் மீண்டும் ஏறியது. இம்முறை மருந்தும் கத்தியும் உதவவில்லை. எஞ்சியிருந்ததும் சிறிது சிறிதாகப் போயிற்று. மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நிலை வந்தது. நகரத்துக்கு வருவது நின்றது.

அவ்வாண்டு ஆவணியில் அவர் மகன் எங்கள் கடைக்கு வந்தார். திரை எடுத்துவிட்டார்கள், அப்பா உங்களை ஒரு நாள் வரச் சொன்னார் என்றார். தாமே அழைத்துச் செல்வதாகச் சொல்லியும் கேட்கவில்லையாம். அவர் குரலில் சிறிது வருத்தம் இருந்தது, அது நியாயமானதே.

நான் சென்றேன். முன்போலவே என் தோளைப் பிடித்துக்கொண்டார். கருவறைக்கு எதிரே நின்றதும், "சொல்லும்" என்றார். திருமுகத்தில் தீபம் இருப்பதைச் சொன்னேன். நகர்வதைச் சொன்னேன். திருவடியில் என்ன பூ, எத்தனை கொத்து, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டவாறே சொன்னேன். அவர் அந்தந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார். வெளியே வந்ததும், "நன்னா சேவிச்சேன்" என்றார்.

அது முதல் ஆண்டுதோறும் ஒரு நாள் சென்று வந்தேன். என் கொள்கையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளும்படி அவர் கேட்டதும் இல்லை. கூட்டத்து நண்பர்கள் இதை அறிந்து கேலி செய்தார்கள். கண் தெரியாத ஒருவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவதில்லையா என்று நான் விடை சொன்னேன். அந்த விடை போதாது என்பது எனக்கே தெரியும்.

ஓர் ஆண்டு விடுமுறை நாளாக அமைந்துவிட்டது. வரிசை நெருக்கித் தள்ளியது. தீபம் திருமுகத்தில் இருந்தவரை கண்டேன். அது நகர்ந்த நொடியில் முன்னால் ஒருவர் குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்கினார். பட்டர் நகரச் சொல்லிவிட்டார். சந்தனு மண்டபத்தின் ஓரத்தில் அவரை நிறுத்தினேன். அவர் முகம் இன்னும் வலப்பக்கம் திரும்பியபடியே இருந்தது. நான் சொல்வதற்குக் காத்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. துளசி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எந்த நாளும் அங்கே துளசி இருக்கும். அது ஊகித்துச் சொல்லக் கூடியதே.

"நான் பார்க்கலை சார்" என்றேன். "கூட்டம் மறைச்சுடுச்சு. திருவடி என் கண்ணுல படலை."

அவர் என் தோளைத் தட்டினார்.

"அப்போ நாளைக்கு வருவோம்" என்றார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவருடைய நம்பிக்கை எதன்மேல் நின்றது என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பாய் சொன்னதுபோல ஆராய்ந்து அறிந்த முடிவின்மேல் அது நிற்கவில்லை; அந்த வழியை அவரே அடைத்துவிட்டார். எங்கள் கூட்டத்தார் சொன்னதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதும் அன்று. கண் மூடியபின், யார் சொல்லைக் கேட்பது என்பதில் அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு நானே சாட்சி. மகனை விட்டு என்னைத் தேர்ந்தது அன்பினால் அன்று, அறிவினால். ஆனால் தேர்ந்தபின் நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு கைகூப்பினாரே, அதை அறிவு என்று அழைக்க எனக்குத் துணிவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் எவரேனும் இதைப் படிக்கக் கூடும்.

அறுபதுகளின் இறுதியில் அவர் காலமானார். அந்த ஆண்டு ஆவணியில் நான் ஸ்ரீரங்கம் போகவில்லை. எவருக்குச் சொல்வது?

ஐயா, அம்மணி, இதை எழுதியது என் பெருமைக்காக அன்று. அவருடைய பேரப்பிள்ளைகள் எவரேனும் என்றாவது கேட்டால் கொடுக்கலாம் என்பதற்காக. ஆகவே படித்து முடித்தபின் இந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கும்படி தங்களை வேண்டிக்கொள்கிறேன்.